இரசவாதமும் இரசாயனவியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கும் எனக்கு, பாடத்திட்டத்தில் இடம்பெறாத ஒரு விடயத்தைப் பற்றியே அதிகமான கேள்விகள் வருகின்றன. பிள்ளைகளும், வகுப்பு முடிந்து அவர்களை அழைத்துச் செல்ல வரும் பெற்றோரும், ஓரிரு நகைத் தொழிலாளரும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன.

சேர், இரசவாதம் எண்டா ஈயத்தைப் பொன்னாக்கிற வித்தை மட்டுந்தானோ?

அதுவும் ஒரு பகுதிதான். மலிவான உலோகத்தைப் பொன்னாக மாற்றுவது, நோயையும் மூப்பையும் நீக்கும் மருந்தைக் காண்பது, பொருள்களைத் தூய்மைப்படுத்துவதன் வழியே தன்னையும் தூய்மைப்படுத்திக்கொள்வது ஆகிய மூன்று நோக்கங்களும் இரசவாதத்தில் கலந்திருந்தன. எகிப்திலும் ஐரோப்பாவிலும் பொன் முன்னுக்கு நின்றது. சீனத்தில் சாகா மருந்தே முதன்மை பெற்றது. நம் சித்தர் மரபில் வாதம், வைத்தியம், யோகம், ஞானம் என்ற நான்கும் ஒன்றையொன்று தொட்டே நிற்கின்றன.

இதை எங்கை, ஆர் தொடங்கினது?

ஒருவரைச் சுட்டிக்காட்ட இயலாது. எகிப்தில் கிடைத்த, கி.பி. 300-ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த இரண்டு பப்பிரசுச் சுவடிகள் இன்று லைடன் நகரிலும் ஸ்டொக்ஹோமிலும் இருக்கின்றன. அவற்றில் மந்திரம் எதுவும் பெரிதாக இல்லை. செம்பை வெள்ளிபோலக் காட்டுவது, பொன்னோடு பிற உலோகத்தைக் கலந்து எடையைக் கூட்டுவது, துணிக்குச் சாயமேற்றுவது போன்ற தொழில்முறைக் குறிப்புகளே உள்ளன. அதே காலத்தில் வாழ்ந்த பனோப்பொலிசு நகரத்துச் சோசிமோசு, தமக்கு முன்னிருந்த மரியா என்ற யூதப் பெண்மணியின் கருவிகளை விவரிக்கிறார். ஐரோப்பியச் சமையலறைகளில் இன்றும் வழங்கும் வெந்நீர்த் தொட்டிச் சூடாக்கலுக்கு மரியாவின் பெயரே நிலைத்திருக்கிறது.

சீனத்தில் 4ஆம் நூற்றாண்டில் கோ ஹொங் சாகா மருந்து பற்றி எழுதினார். 8ஆம் நூற்றாண்டிலிருந்து அரபு உலகில் ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரில் வழங்கும் நூல்களும், அவருக்குப் பின் அல்-ராசியின் நூல்களும் இக்கலையை ஆய்கூடத் தொழிலாக வளர்த்தன. பொருள்களை வகைப்படுத்துவதிலும், உலை, மூசை (உருக்கும் மட்கலம்), வாலை (ஆவியாக்கி வடிக்கும் கருவி) ஆகியவற்றைப் பட்டியலிடுவதிலும் அல்-ராசி காட்டிய ஒழுங்கு, இன்றைய மாணவனின் செய்முறைக் கொப்பியில் இருந்தால் நான் முழுப் புள்ளியும் கொடுப்பேன்.

அப்ப எங்கடை சித்தர்கள் பொன் செய்தவை எண்டுறது?

சித்தர் பாடல்களில் பொன் செய்யும் பேச்சு நிறையவே உண்டு. ஆனால் அதை எல்லோரும் ஒரே பொருளில் பேசவில்லை. திருமூலர், பரிசனவேதி தொட்டதெல்லாம் பொன்னாவதை உவமையாக வைத்து, குருவின் தொடுகையால் உயிரின் மலம், அதாவது அழுக்கு, நீங்குவதைச் சொல்கிறார். போகரின் பெயரில் வழங்கும் பாடல்களோ இரசத்தையும் (பாதரசத்தையும்) கந்தகத்தையும் பாடாணங்கள் என்ற நச்சுக் கனியங்களையும் எப்படிச் சுத்தி செய்வது, எப்படிப் புடமிடுவது (மூடிய கலத்தில் இட்டுச் சுடுவது) என்று செய்முறையாகவே பேசுகின்றன. தாயுமானவர் இதனைக் கண்டிக்கும் இடமும் உண்டு: “அளகேசன் நிகராக அம்பொன்மிக வைத்தபேரும் நேசித்து ரசவாத வித்தைக்கு அலைந்திடுவர்” என்கிறார். குபேரனுக்கு நிகரான செல்வரும் இதற்காக அலைந்தார்கள் என்றால், அக்காலத்தில் இவ்வித்தைக்கு இருந்த பிடிப்பு எவ்வளவு என்பது விளங்கும்.

பொன் கிடைத்ததா என்ற கேள்விக்கு என் விடை, கிடைக்கவில்லை என்பதே. அதற்கான காரணம் கீழே அணுவைப் பற்றிய விடையில் வருகிறது. ஆயினும் வெடியுப்பு, அன்னபேதி, நவச்சாரம், படிகாரம், துரிசு, வீரம், பூரம், இலிங்கம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனிப்பெயரும் சுத்தி முறையும் வைத்திருந்த ஒரு மரபை, வெறும் கற்பனை என்று தள்ளிவிடுவது அறியாமை.

ஏன் எல்லாரும் இரசத்தையே பிடிச்சுக்கொண்டு நிண்டவை?

இலிங்கம் என்ற சிவந்த கனியக் கல்லைக் காற்றுப்படச் சூடாக்கினால் என்ன நிகழ்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். சிவந்த கல் கறுக்கிறது. கந்தகம் எரியும் மூச்சடைக்கும் நெடி எழுகிறது. சற்றுத் தள்ளிக் குளிர்ந்திருக்கும் பரப்பில் வெள்ளி நிறத் துளிகள் பனிபோலப் படிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து உருண்டு ஓடுகின்றன. கல்லிலிருந்து ஓடும் உலோகம் பிறக்கிறது. அந்த உலோகத்தைக் கந்தகத்தோடு சேர்த்து அரைத்து மீண்டும் பதங்கிக்கச் செய்தால் அதே சிவந்த கல் திரும்பக் கிடைக்கிறது. அணுக்கொள்கை அறியாத ஒருவர் இதைக் கண்டபின், எல்லா உலோகங்களும் இரசமும் கந்தகமும் வெவ்வேறு அளவில் சேர்ந்து உண்டானவை என்ற முடிவுக்கு வருவது மடமை ஆகாது. அக்கருத்து அரபு மொழி நூல்களில் உருப்பெற்று, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஆட்சி செய்தது.

கோட்பாடு பிழையாக இருந்தது. கண்ட காட்சி பிழையில்லை. இரசவாதத்தைப் படிக்கும்போது இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதையே இந்தப் பக்கம் முழுவதும் வலியுறுத்துகிறேன்.

ஆய்கூடத்திலை வெப்பமானி உடைஞ்சு, இரசம் மோதிரத்திலை பட்டு வெள்ளையாப் போச்சு. பொன் வெள்ளியா மாறினதோ?

மாறவில்லை. இரசம் பொன்னைக் கரைத்து அதனோடு இரசக்கலவையாகச் சேர்ந்திருக்கிறது. பொன் அணுக்கள் அனைத்தும் அங்கேயே இருக்கின்றன. பழைய காலத்தில் செம்புச் சிலைகளுக்குப் பொன்முலாம் பூசியதும் இதே வழியில்தான்: பொன்னை இரசத்தில் கரைத்துப் பூசி, பின் சூடாக்கி இரசத்தை ஆவியாக்கினார்கள். வெண்பூச்சு தீயில் பொன்னாக ஒளிர்வதைப் பார்த்தவர்கள் என்ன எண்ணியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. மோதிரத்தை நீங்களே அடுப்பில் சூடாக்க வேண்டாம். இரசத்தின் ஆவி நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். மோதிரத்தைக் கழற்றி மூடிய போத்தலில் இட்டு, ஆசிரியரிடம் கொடுங்கள். சிந்திய இரசத்தைத் தும்புத்தடியால் கூட்டுவதும் கூடாது, அது துளிகளை மேலும் சிதறச் செய்யும்.

ஒருத்தரும் பொன் செய்யேல்லை எண்டா, அவையாலை எங்களுக்கு என்ன பிரயோசனம்?

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாக விடை சொல்ல விரும்புகிறேன். முதலில் அமிலங்கள். இரும்புச் சல்பேற்றான அன்னபேதியைக் கடும் வெப்பத்தில் வாலையிட்டு வடித்ததில் சல்பூரிக்கமிலமும், வெடியுப்போடு (பொற்றாசியம் நைத்திரேற்றோடு) அன்னபேதியையோ படிகாரத்தையோ சேர்த்து வடித்ததில் நைத்திரிக்கமிலமும் கிடைத்தன. 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில் இவை ஐரோப்பிய இரசவாதிகளின் கைக்கு வந்தன. அதற்கு முன் மனிதனிடம் இருந்த வலிய அமிலம் காடிதான். வெள்ளியைக் கரைத்துப் பொன்னைத் தனியே விடும் நைத்திரிக்கமிலமும், நவச்சாரம் (அமோனியங்குளோரைட்டு) சேர்த்துப் பொன்னையே கரைக்கும் இராஜ திராவகமும் வந்த பிறகு, உலோகங்களைப் பிரித்து ஆராயும் வேலை வேறொரு தளத்துக்குச் சென்றது.

அடுத்தது நாகம் எனப்படும் துத்தநாகம். இதன் தாதுவைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கினால், உலோகம் 907 பாகை செல்சியசில் கொதிப்பதால், உருகி அடியில் தங்காமல் ஆவியாகி வெளியேறுகிறது. காற்றைக் கண்டதும் வெண்பொடியாக எரிந்துபோகிறது. இந்திய இரசநூல்கள் இதற்குக் கண்ட வழி, கத்தரிக்காய் வடிவிலான மூசையைத் தலைகீழாக உலையில் வைத்து, அதன் குழாய் முனையைக் கீழே குளிர்ந்த பாத்திரத்துள் இறக்கி, ஆவியைக் கீழ்நோக்கி வடிப்பது. இராசத்தானின் சாவர் என்ற இடத்தில் இத்தகைய மூசைகள் மலைமலையாகக் கிடைக்கின்றன. ஐரோப்பாவில் வில்லியம் சம்பியன் நாகத்தை வடித்தெடுக்க உரிமம் பெற்றது 1738இல். சாவரில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உலைகள் எரிந்தன. பெருமை பேச விரும்பும் நண்பர்கள், ஆதாரமில்லாத விமானக் கதைகளை விட்டுவிட்டு இந்த மூசையைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும்.

வேண்டியது கிடைக்காமல் வேறொன்று கிடைத்த கதைகளும் உண்டு. சாகா மருந்து தேடிய சீனர்களின் கைகளில் 9ஆம் நூற்றாண்டளவில் வெடிமருந்து பிறந்தது. ஹம்பேர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் 1669இல், பெருமளவு சிறுநீரை வற்றவைத்து அந்த எச்சத்தைக் கடுமையாகச் சூடாக்கி, இருட்டில் தானே ஒளிரும் பொசுபரசைப் பெற்றார். அவர் தேடியது பொன். பொன் செய்வேன் என்று சொல்லி ஜேர்மனியின் சட்சனி அரசனின் காவலில் அகப்பட்ட பொட்கர், 1708இல் ஐரோப்பாவின் முதல் வன்பீங்கானைச் செய்தார். 1710இல் மைசனில் தொழிற்சாலை எழுந்தது. அரசனுக்கு அது பொன்னுக்கு ஈடான வருமானமாயிற்று.

நகை உரைச்சுப் பாத்து அமிலம் விடுகினமே, அதுவும் இதுக்குள்ளை வருமோ?

வரும். கரிய உரைகல்லில் நகையை இழுத்தால் மெல்லிய மஞ்சட் கோடு விழும். அதன் பக்கத்தில் மாற்று, அதாவது பொன்னின் தரம், தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டின் மேலும் ஒரு துளி நைத்திரிக்கமிலம் விடுவார்கள். பித்தளையாயின் கோடு பச்சையாகப் பொங்கி மறைந்துவிடும். பொன்னாயின் அப்படியே நிற்கும். உயர்ந்த மாற்றுகளைப் பிரித்தறிய ஐதரோகுளோரிக்கமிலம் சேர்ந்த கலவை தேவைப்படும். உரைகல் இரசவாதத்துக்கும் மூத்தது. அந்தத் துளி மட்டும், மேலே சொன்னபடி, வாலையிலிருந்து வந்தது. போலிப் பொன் செய்ய முயன்றவர்களின் கண்டுபிடிப்பே போலிப் பொன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பது எனக்கு எப்போதும் ஒரு சிறு மகிழ்ச்சி.

நியூட்டன்கூட இதிலை மினக்கெட்டவராமே? பொய்தானே?

உண்மை. ஈர்ப்பு விதியைத் தந்த ஐசாக் நியூட்டன் இரசவாதம் பற்றிப் பத்து இலட்சம் சொற்களுக்குக் குறையாமல் எழுதி வைத்திருந்தார். அவற்றில் பெரும்பகுதி பிறர் நூல்களிலிருந்து படியெடுத்த குறிப்புகள். சொந்தப் பரிசோதனைப் பதிவுகளும் உள்ளன. 1936இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்த இத்தாள்களில் கணிசமான பகுதியைப் பொருளியல் அறிஞர் ஜோன் மேனார்ட் கெயின்சு வாங்கிச் சேர்த்தார். அதே நியூட்டன் 1696 முதல் அரச நாணயச் சாலையின் பொறுப்பிலிருந்து, கள்ள நாணயம் அடித்தவர்களைத் தேடிப் பிடித்துத் தண்டனை வாங்கிக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அவரை முழுமையாகக் காணலாம்.

அப்ப இரசவாதம் எப்ப முடிஞ்சுது?

ஒரே நாளில் முடியவில்லை. 1661இல் நாலு பூதம், மூன்று தத்துவம் (உப்பு, கந்தகம், இரசம்) என்ற பழைய கொள்கைகளைக் கேள்விக்குட்படுத்திய ரொபர்ட் பொயில், உலோக மாற்றம் இயலும் என்றே இறுதிவரை நம்பினார். இங்கிலாந்தில் பொன்னைப் பெருக்குவதை 1404ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடை செய்திருந்தது. அது 1689இல் நீக்கப்பட்டதற்குப் பொயிலின் முயற்சியும் ஒரு காரணம்.

திருப்பத்தை உண்டாக்கியது தராசு. நிறுத்துப் பார்ப்பதை இரசவாதிகளும் அறிவார்கள். ஆனால் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் காற்று உட்பட எல்லாவற்றையும் மூடிய பாத்திரத்தில் நிறுத்து, கணக்குச் சரிவர வேண்டும் என்று அடம்பிடித்தவர் பிரெஞ்சு இரசாயனவியலாளர் லவோசியே. 1789இல் அவர் வெளியிட்ட நூலில், மேலும் பிரிக்க இயலாத பொருள்கள் என 33 பெயர்கள் உள்ளன. அவற்றில் பொன், ஈயம், இரசம், கந்தகம் ஆகியன தனித்தனி மூலகங்களாக நிற்கின்றன. ஒளியும் வெப்பமும்கூட அப்பட்டியலில் இருப்பதைச் சொன்னால் என் மாணவர்கள் சிரிப்பார்கள்.

புல்மோட்டைக் கறுப்பு மணலிலை இருந்து வெள்ளைத் தீந்தை செய்யினமாமே. அதுவும் இரசவாதம் இல்லையோ?

நம் மாவட்டத்துப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி இது. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கோன் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளன. இல்மனைற்று என்பது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கரிய சேர்வை. அதைச் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் கரைத்து, இரும்பைப் பளிங்காக்கி அகற்றி, எஞ்சிய கரைசலை நீரால் பகுத்துச் சுட்டெடுத்தால் தைத்தேனியமீரொட்சைட்டு என்ற வெண்பொடி கிடைக்கும். சுவருக்குப் பூசும் தீந்தையின் வெண்மை அதுவே. மணலில் முன்பே இருந்த தைத்தேனியம்தான் பொடியிலும் இருக்கிறது. துணை மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே இது இரசாயன மாற்றம், மூலக மாற்றம் அன்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த முறையில் இரும்பு பளிங்காகப் பிரிவது அன்னபேதியாகவே. அன்னபேதியை வடித்துப் பெற்ற அமிலத்தைப் பற்றி மேலே எழுதினேன். இங்கே அந்த அமிலமே அன்னபேதியைத் திருப்பித் தருகிறது.

அணுவை மாத்திப் பொன் செய்யலாம் எண்டு யூரியூப்பிலை சொல்லுகினம். உண்மையோ?

உண்மை, ஆனால் இலாபமில்லை. பொன் அணுவின் கருவில் 79 புரோத்தன்கள், இரசத்தில் 80, ஈயத்தில் 82. இந்த எண்ணை மாற்றினால் மூலகம் மாறும். உலையோ அமிலமோ கருவைத் தொடுவதில்லை. அவை வெளியே இருக்கும் இலத்திரன்களோடு நின்றுவிடுகின்றன. சித்தரும் பிராண்டும் பொட்கரும் தோற்றது இந்த ஒரு காரணத்தால்தான்.

மூலகம் தானாகவே மாறுவதை 1901இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரதர்போர்ட்டும் சொடியும் கதிர்த்தொழிற்பாடுள்ள தோரியம் என்ற மூலகத்தை ஆராய்ந்தபோது கண்டார்கள். “இது உலோக மாற்றம்” என்று சொடி கூவியதும், அப்படிச் சொன்னால் நம்மை இரசவாதிகள் என்று தலையை வாங்கிவிடுவார்கள் என ரதர்போர்ட் பதறியதும் சொடி பிற்காலத்தில் நினைவுகூர்ந்த செய்தி. இக்கதையில் இலங்கைக்கும் பங்குண்டு. இங்கே கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக இருந்தவரும், பின்னாளில் கலை வரலாற்றறிஞராகப் புகழ்பெற்றவருமான ஆனந்த குமாரசுவாமி 1904இல் தோரியனைற்று என்ற புதிய கனியத்தைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே இலண்டனில் ஒட்டோ ஹான் அதிலிருந்து புதியதொரு கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைப் பிரித்தார். 1914ஐ அடுத்த ஆண்டுகளில் சொடி, தோரியம் கொண்ட கனியமான இலங்கைத் தோரைற்றிலிருந்து பெற்ற ஈயம் சாதாரண ஈயத்திலும் சற்று நிறை கூடியது என்று காட்டி, ஒரே மூலகத்துக்கு வேறு நிறைகளில் அணுக்கள் இருக்கலாம் என்பதை உறுதிப்படுத்தினார். தோரியம் தானாக ஈயமாகும் மாற்றத்துக்கு நம் நாட்டுக் கல் சாட்சியாயிற்று.

பொன்னுக்கு வருவோம். 1941இல் ஹார்வர்டில் இரசத்தை நியூத்திரன்களால் தாக்கிப் பொன் செய்தார்கள். அது கதிர்த்தொழிற்பாடுடையது, தங்காது. சேர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வுகூடத்தில் 2015 முதல் 2018 வரை ஈயக் கருக்கள் உரசிச் சென்றபோது ஏறத்தாழ 8600 கோடி பொன் கருக்கள் உண்டானதாக 2025இல் அறிவித்தார்கள். அவ்வளவும் சேர்ந்து 29 பிக்கோகிராம்; ஒரு பிக்கோகிராம் என்பது கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒரு பவுணுக்கு, அதாவது 8 கிராமுக்கு, அதைப்போல் 27,000 கோடி மடங்குக்கு மேல் வேண்டும்.

அப்ப சித்தர்களுக்கு அணு முந்தியே தெரியும் எண்டுதானே அர்த்தம்?

இல்லை. உலோகம் மாறும் என்று நம்பியதும், கருவில் புரோத்தன் எண்ணிக்கை மாறுவதை அளந்ததும் ஒன்றல்ல. சித்தர் பாடல்களாக இன்று நம் கையிலுள்ளவற்றுள் பலவற்றின் தமிழ் நடை பிற்காலத்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அவற்றில் அணுக்கருவைத் தேடுவது வீண். சித்தர்களின் உண்மையான திறமை புடத்திலும் மூசையிலும் இருந்தது. அதை விட்டுவிட்டு, அவர்கள் செய்யாததைச் செய்ததாகப் புகழ்வது அவர்களுக்கு மரியாதை ஆகாது.

இரசமணி கட்டுகினமே, இரசம் கல்லுமாதிரி இறுகிக் கிடக்குதே?

தூய இரசம் −39 பாகை செல்சியசில்தான் உறையும். நம் ஊர் வெயிலில் இறுகி இருக்கிறதென்றால், அதில் வெள்ளியோ வெள்ளீயமோ செம்போ கலந்திருக்கிறது. மோதிரத்தில் பார்த்த இரசக்கலவையே இதுவும். பல் வைத்தியர்கள் நெடுங்காலம் பல் அடைக்கப் பயன்படுத்தியதும் இதே இனம். அதை உடம்பில் கட்டுவதையோ பாலில் இட்டுக் குடிப்பதையோ நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

செந்தூரம், பற்பம் எல்லாம் நஞ்சோ அப்ப?

உலோகங்களையும் கனியங்களையும் புடமிட்டுச் செய்யும் சித்த மருந்துப் பொடிகள் இவை. ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அளவே நஞ்சை நஞ்சாக்குகிறது என்று 16ஆம் நூற்றாண்டில் பரசெல்சசு சொன்னது இன்றும் நச்சியலின் அடிப்படை. அளவு தவறியதால் நேர்ந்ததையும் வரலாறு காட்டுகிறது: சாகா மருந்துண்டு இறந்ததாகச் சொல்லப்படும் சீனப் பேரரசர்கள் ஒருவர் இருவர் அல்லர். சித்த மருத்துவம் நம் திருகோணமலை வளாகத்திலேயே பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படும் துறை. பதிவுபெற்ற மருத்துவரிடம் சென்று கேளுங்கள். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் விற்கும் செந்தூரத்தை, யார் தந்தாலும், கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். உலோகம் கலந்த எதற்கும் ஈயத்தின் அளவையும் இரசத்தின் அளவையும் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

செயற்றிட்டத்துக்கு இரசவாதப் பரிசோதனை ஒண்டு செய்யலாமோ, சேர்?

இரசமும் கந்தகமும் வேண்டாம். வாலையைச் செய்யுங்கள். கறுவா இலைகளை நறுக்கிக் குடுவையில் நீரோடு இட்டுக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து நீர்மமாக்கும் லீபிக் ஒடுக்கி வழியே செலுத்துங்கள். முதலில் பால்போல் கலங்கிய நீர் சொட்டும்; சற்று நேரம் வைத்தால் எண்ணெய்த் துளிகள் பிரியும். அந்த எண்ணெயில் பெரும்பங்கு இயூஜினோல். அது நீரைவிட அடர்த்தி கூடியதால் துளிகள் அடியில் தங்கும். மேலே மிதக்கும் என்று எதிர்பார்த்து அடியில் உள்ளதை ஊற்றிவிடாதீர்கள். இலையை முன்னரும் எண்ணெயைப் பின்னரும் நிறுத்து எழுதிக்கொண்டு வந்தால், அறிக்கையை நான் பார்த்துத் தருகிறேன்.